மார்கரோசனைட்: அரிய ஈய சிலிக்கேட் கனிமம் ஒன்றைப் படிப்படியாக இனங்காண்பதும் வகைப்படுத்துவதும்

ஈயத்தின் தாது எது என்று கேட்டால் கனிமவியல் மாணவர் யாரும் தயங்காமல் கலீனா, அதாவது ஈய சல்ஃபைடு, என்பார். ஈயத்துக்கும் கந்தகத்துக்கும் உள்ள நெருக்கம் அப்படிப்பட்டது. அருகில் கந்தகம் இருக்கும் வரை ஈயம் சிலிக்காவை (சிலிக்கானும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருளை) தேடிப் போவதில்லை. ஆகவே ஈய சிலிக்கேட் ஒன்று இயற்கையில் உருவாக வேண்டுமானால் கந்தகம் மிகக் குறைந்த, ஆக்சிஜன் போதிய அளவு கிடைக்கிற, மாங்கனீசும் கால்சியமும் கலந்த ஒரு விசித்திரமான சூழல் தேவைப்படுகிறது. அத்தகைய சூழல்களில் பெயர்பெற்றவை இரண்டு. ஒன்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் உள்ள ஃபிராங்க்ளின்; மற்றொன்று ஸ்வீடனின் வார்ம்லாந்து பகுதியில் உள்ள லோங்பான். நமக்குத் தெரிந்த அரிய ஈய சிலிக்கேட்டுகளில் கணிசமானவை இந்த இரண்டு ஊர்களில்தான் முதன்முதலில் அடையாளம் காணப்பட்டன.

அந்தக் கூட்டத்திலிருந்து மார்கரோசனைட் என்ற ஒரே கனிமத்தை எடுத்துக்கொண்டு, அதைக் கையில் பிடிப்பது முதல் வகைப்பாட்டுப் பட்டியலில் அதன் இடத்தைக் கண்டுபிடிப்பது வரை இந்த வழிகாட்டி வரிசையாகச் செல்கிறது. இதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. இதன் பண்புகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் இரண்டே காரணங்களுக்குள் அடக்கிவிடலாம்: கனமான ஈய அணு ஒன்று, மூன்று சிலிக்கான்கள் சேர்ந்த வளையம் ஒன்று. கண்ணுக்கும் கைக்கும் தெரியும் பண்புகள் பெரும்பாலும் ஈயத்தால் வருகின்றன. வகைப்பாட்டைத் தீர்மானிப்பதோ வளையம். இந்தப் பிரிவினை மனத்தில் பதிந்துவிட்டால் மற்ற ஈய சிலிக்கேட்டுகளை அணுகுவதும் எளிதாகும்.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. இக்கனிமத்தின் எடையில் சுமார் 40 விழுக்காடு ஈயம். கையில் எடுத்துப் பார்ப்பதால் தீங்கு வராது. ஆனால் உலர்ந்த நிலையில் அரைப்பது, ரம்பத்தால் அறுப்பது, பழைய நிலவியலாளர்களின் பழக்கப்படி நாக்கு நுனியில் வைத்துப் பார்ப்பது ஆகிய மூன்றும் கூடாது. கையாண்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தூளாக்கியே ஆக வேண்டுமென்றால் சில துளி ஆல்கஹால் விட்டு, ஈரமாகவே அகேட் கல்வத்தில் அரைக்க வேண்டும்.

முதல் படி: பிறந்த ஊரைக் கேளுங்கள்

அரிய கனிமங்களைப் பொறுத்தவரை, கருவிகளுக்கு முன்னால் நிற்கும் சான்று கிடைத்த இடம்தான். மார்கரோசனைட்டை 1916-இல் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபோர்டு, பிராட்லி ஆகிய இருவரும் ஃபிராங்க்ளின் மாதிரிகளைக் கொண்டு விவரித்தார்கள். முத்தையும் பலகையையும் குறிக்கும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயரிட்டார்கள். தமிழில் ‘முத்துப்பலகை’ என்று சொன்னால் பெயரும் வருணனையும் ஒரே சொல்லில் முடிந்துவிடும். மறு ஆண்டே ஸ்வீடனின் லோங்பானிலும் அது இருப்பது பதிவாயிற்று.

ஃபிராங்க்ளினில் பார்க்கர் சுரங்கவாய் எனப்படும் பகுதியிலிருந்து 1890-களில் வெளியே வந்த கற்களில் ரோப்ளிங்கைட், நாசனைட், ஹான்காக்கைட் எனப் புதிய ஈய சிலிக்கேட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. மார்கரோசனைட்டும் இந்தக் கூட்டாளிகளோடுதான் காணப்படுகிறது. பேரைட் (பேரியம் சல்ஃபேட்), ஆக்சினைட், ஃபெல்ஸ்பார் ஆகியவையும் அருகில் இருப்பது வழக்கம். ஃபிராங்க்ளின் சுரங்கம் 1954-இல் மூடப்பட்டுவிட்டது. லோங்பானிலும் இன்று சுரங்க வேலை இல்லை. எனவே இன்று ஒருவர் கைக்கு வரும் துண்டு பெரும்பாலும் பழைய சேகரிப்பிலிருந்தோ பழைய கழிவுக் குவியலிலிருந்தோ வந்ததாகவே இருக்கும். ஊர்ப்பெயர் இல்லாத வெள்ளைத் தகடு ஒன்றை மார்கரோசனைட் என்று யாராவது நீட்டினால், முதலில் அதைப் பேரைட் என்றே வைத்துக்கொண்டு ஆய்வைத் தொடங்குவது என் வழக்கம். ஏன் பேரைட் என்பது மூன்றாம் படியில் தெரியவரும்.

இரண்டாம் படி: கண்ணால் பார்த்தல்

நல்ல மாதிரி நிறமற்றதாகவோ பனிவெள்ளையாகவோ இருக்கும். தனித்த, முகங்கள் தெளிந்த படிகங்கள் அரிது. மெல்லிய தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த திரள்களே வழக்கமான தோற்றம். தகட்டின் அகன்ற பரப்பில் முத்தின் மினுமினுப்பு தெரியும். பக்கவாட்டில் உடைந்த இடத்தில் அது கண்ணாடிப் பளபளப்பாக மாறும். 10 மடங்கு உருப்பெருக்கும் லென்ஸை வைத்து, மேசை விளக்கின் கீழ் மாதிரியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணம் வந்ததும் தகடு முழுவதும் ஒரே நேரத்தில் பளிச்சிட்டு, சற்றே நகர்த்தியதும் அணைந்துவிடும். இப்படி ஒருசேரப் பளிச்சிடும் பரப்பு பிளவுத் தளம் (கனிமம் எளிதில் தட்டையாகப் பிளக்கும் தளம்) என்பதை இந்தக் கட்டத்திலேயே குறித்து வைத்துக்கொள்ளலாம்.

முத்து மினுமினுப்பு ஏன் வருகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிளவுத் தளத்துக்கு இணையாக உள்ளே நுண்ணிய விரிசல்கள் அடுக்கடுக்காக ஓடுகின்றன. ஒவ்வோர் அடுக்கும் ஒளியில் ஒரு பகுதியைத் திருப்பி அனுப்புகிறது. அசல் முத்தின் மினுமினுப்பும் அடுக்குகளால்தான் உண்டாகிறது என்பதால் பெயர் வைத்தவர்களின் கண் சரியாகவே பார்த்திருக்கிறது. துகளின் நிறம் வெள்ளை. அதனால் எதுவும் தெளிவாகாது.

மூன்றாம் படி: எடையை உணர்தல், பிறகு அளத்தல்

இந்தப் படியில் ஈயம் தன்னை வெளிப்படுத்துகிறது. குவார்ட்ஸின் அடர்த்தி 2.65, கால்சைட்டினுடையது 2.71. மார்கரோசனைட்டின் அடர்த்தி சுமார் 4.3. அதே அளவுள்ள குவார்ட்ஸ் துண்டை ஒரு கையிலும் இதை மறு கையிலும் வைத்தால் வேறுபாடு உடனே தெரியும், தராசு தேவைப்படாது.

அளக்கும் முறை எளியது. மாதிரியைக் காற்றில் எடை போடுங்கள். பிறகு மெல்லிய நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு எடை போடுங்கள். காற்றில் 6.45 கிராம், நீரில் 4.95 கிராம் என்று வந்தால் இழப்பு 1.50 கிராம், 6.45-ஐ 1.50-ஆல் வகுத்தால் 4.30. தகடுகளுக்கிடையே காற்றுக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருந்தால் விடை குறைவாக வரும் என்பதால், நீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலப்பதும், தூரிகையால் குமிழிகளைத் தட்டிவிடுவதும் நல்லது.

விடை 4.3-க்குக் கீழே வந்தால் உடனே கனிமத்தை நிராகரிக்க வேண்டாம். மாதிரியின் கனஅளவில் ஐந்தில் ஒரு பங்கு ஃபெல்ஸ்பார் கலந்திருந்தால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். 0.8 பங்கு 4.3, 0.2 பங்கு 2.6, கூட்டினால் 3.96. அதாவது கண்ணுக்கு எளிதில் தெரியாத கலப்பே அடர்த்தியை 4-க்குக் கீழே இழுத்துவிடுகிறது.

சிக்கல் எதிர்த்திசையிலிருந்து வருகிறது. பேரைட்டின் அடர்த்தி சுமார் 4.5, அதுவும் வெள்ளை, அதுவும் தகடாகப் பிளக்கும், அதுவும் ஃபிராங்க்ளினில் இதன் பக்கத்திலேயே இருக்கும். ஆந்திரத்தின் மங்கம்பேட்டையில் ஏராளமாக வெட்டியெடுக்கப்படும் பேரைட் நம் ஊர் ஆய்வகங்களில் எளிதாகக் கிடைப்பதால், கனமான வெள்ளைக் கல் என்றதும் நம் மாணவர்களுக்கு முதலில் தோன்றுவதும் அதுதான். அடர்த்தி ஒன்றை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரிக்க முயல்வது வீண்வேலை.

மற்ற ஈய சிலிக்கேட்டுகளோடு ஒப்பிட்டால் மார்கரோசனைட் இலேசானது என்பதும் பயனுள்ள தகவல். அலமோசைட் சுமார் 6.5, நாசனைட் 5.4-க்கு மேல், லார்சனைட் 5.9 அளவில். ரோப்ளிங்கைட்டிலும் ஈயம் உண்டு. ஆனால் கால்சியமும் நீரும் மிகுந்திருப்பதால் அது 3.4-லேயே நின்றுவிடுகிறது. ஈயத்தின் பங்கு ஏறும்போது பொதுவாக அடர்த்தியும் ஏறுகிறது என்பதைத் தவிர இதில் மர்மம் ஏதுமில்லை.

நான்காம் படி: கீறலும் பிளவும்

மோஸ் அளவுகோலில் இதன் கடினத்தன்மை 2.5 முதல் 3 வரை. விரல் நகம் கீறாது. செப்புக் காசு கீறும் அல்லது கீறத் தயங்கும். பேனாக்கத்தி தாராளமாகக் கீறும். சிலிக்கேட் என்றால் கடினமாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தோடு வருகிறவரை இது ஏமாற்றிவிடும். சிலிக்கானும் ஆக்சிஜனும் பிணைந்த வளையம் உறுதியானதுதான்; ஆனால் ஒரு வளையத்தை அடுத்த வளையத்தோடு கட்டுவது ஈயமும் கால்சியமும். பெரிய ஈய அயனியின் கட்டு தளர்வானது. கல்லின் கடினத்தன்மை அதன் மிகத் தளர்வான கட்டைப் பொறுத்தே அமைகிறது.

பிளவு மூன்று திசைகளில் உண்டு. அவற்றுள் ஒன்று மிகச் செம்மையானது. தகட்டின் ஓரத்தில் ஊசி முனையை வைத்து மெல்ல அழுத்தினாலே செதில் பெயர்ந்து வந்துவிடும். இந்தச் செதிலை வீசிவிடாதீர்கள்; ஆறாம் படிக்கும் எட்டாம் படிக்கும் அதுவே போதும்.

ஐந்தாம் படி: இருட்டறையில் புற ஊதா விளக்கு

சேகரிப்பாளர்கள் இக்கனிமத்தைத் தேடுவது இந்தக் காட்சிக்காகத்தான். 254 நானோமீட்டர் குறுகிய அலைப் புற ஊதா ஒளியில் ஃபிராங்க்ளின் மார்கரோசனைட் பளிச்சென்ற நீலம் கலந்த வெண்மையாக ஒளிர்கிறது. அதே துண்டின் சில பகுதிகள் செம்மஞ்சளாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரிவதும் உண்டு. நீலத்துக்குக் காரணம் ஈய அயனி. அதன் வெளிக்கூட்டில் உள்ள தனித்த இரு எலக்ட்ரான்கள் புற ஊதா ஆற்றலை வாங்கி, குறைந்த ஆற்றலுள்ள ஒளியாகத் திருப்பித் தருகின்றன. சிவப்புச் சாயலுக்குக் காரணம் கால்சியத்தின் இடத்தில் சிறிதளவு புகுந்துகொண்ட மாங்கனீசு.

ஈயத்தின் இந்தக் குணம் நம் அன்றாட வாழ்விலும் ஒளிந்திருக்கிறது. பேக்கரியிலும் இனிப்புக் கடையிலும் ஈக்களை ஈர்ப்பதற்காகத் தொங்கவிடப்படும் நீலக் குழல் விளக்குகளில் பயன்பட்டுவந்த ஒளிர்பொருள்களில் ஒன்று, சிறிதளவு ஈயம் சேர்த்த பேரியம் சிலிக்கேட். விளக்குக்குள் பாதரச ஆவி உமிழும் 254 நானோமீட்டர் ஒளியை ஈய அயனி உறிஞ்சி, ஈயின் கண்ணைக் கவரும் நீண்ட அலைப் புற ஊதாவாக மாற்றித் தருகிறது. சுரங்கக் கல்லும் ஈப்பொறியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

சோதனையைச் செய்யும் முறை வருமாறு. அறையை முழுமையாக இருட்டாக்கி, கண் இருளுக்குப் பழக ஐந்து நிமிடம் காத்திருங்கள். கண்ணாடியோ பிளாஸ்டிக் பாதுகாப்புக் கண்ணாடியோ அணியாமல் குறுகிய அலை விளக்கை ஏற்றக் கூடாது. விழிக்கும் தோலுக்கும் அது தீங்கானது. விளக்கைக் கல்லிலிருந்து சில சென்டிமீட்டர் தொலைவில் பிடித்து நிறத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு விளக்குக்கும் கல்லுக்கும் இடையே சாதாரணச் சன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை நுழையுங்கள். கண்ணாடி குறுகிய அலையை ஏறக்குறைய முழுவதுமாக விழுங்கிவிடும் என்பதால் ஒளிர்வு சட்டென்று மங்கும். அப்படி மங்கினால் நீங்கள் பார்த்தது குறுகிய அலைக்கான ஒளிர்வு என்பது உறுதியாகிறது. விளக்கின் சொந்த ஊதா நிறம் வெள்ளைக் கல்லில் பட்டுத் திரும்புவதை ஒளிர்வு என்று எண்ணி ஏமாறுவோர் பலர். கண்ணாடித் துண்டு ஒன்று அந்த ஏமாற்றத்தைத் தவிர்த்துவிடும்.

நீலவெண்மை ஒளிர்வு மார்கரோசனைட்டின் தனியுரிமை அன்று. ஷீலைட்டும் ஹைட்ரோஜிங்கைட்டும் அப்படியே ஒளிரும். ஃபிராங்க்ளினின் ஹார்டிஸ்டோனைட் ஊதாநீலமாக ஒளிரும். சில ஃபெல்ஸ்பார்களும் மங்கிய நீலம் காட்டும். எலுமிச்சை மஞ்சளாக ஒளிரும் எஸ்பெரைட்டும் ஃபிராங்க்ளினின் ஈய சிலிக்கேட்தான். நிறம் முற்றிலும் வேறு என்பதால் குழப்பம் வராது. ஆகவே ஒளிர்வைத் தீர்ப்பாகக் கொள்ளாமல், எந்தப் பகுதியிலிருந்து செதில் எடுப்பது என்று காட்டும் வழிகாட்டியாகக் கொள்வதே முறை. கலப்புத் துண்டில் பென்சிலால் ஒளிரும் எல்லையைக் கோடிட்டு வைத்துக்கொண்டால் அடுத்த படிகளில் தவறான இடத்தைச் சுரண்ட நேராது.

ஆறாம் படி: ஒளிவிலகல் எண்

பேரைட் சந்தேகம் இங்கே தீர்ந்துவிடுகிறது. பேரைட்டின் ஒளிவிலகல் எண்கள் சுமார் 1.636 முதல் 1.648 வரை. மார்கரோசனைட்டினுடையவை சுமார் 1.73 முதல் 1.80 வரை. இவ்வளவு பெரிய இடைவெளி கனிமவியலில் எப்போதும் கிடைப்பதில்லை.

நான்காம் படியில் எடுத்து வைத்த செதிலிலிருந்து மணல் அளவுத் துணுக்கு ஒன்றை நுண்ணோக்கிச் சில்லில் வைத்து, 1.70 எண் கொண்ட அமிழ்த்தும் திரவத்தை ஒரு துளி விடுங்கள். துணுக்கின் ஓரத்தில் ஒளிக்கோடு ஒன்று தெரியும். அதுதான் பெக்கே கோடு. நுண்ணோக்கியின் குவியத்தை மேலே உயர்த்தும்போது அந்தக் கோடு துணுக்குக்குள் நகர்ந்தால் கனிமத்தின் எண் திரவத்தைவிட அதிகம். வெளியே நகர்ந்தால் குறைவு. உள்ளே நகர்ந்தால் பேரைட் வெளியேறிவிட்டது. குறுக்கிட்ட முனைவாக்கிகளுக்கிடையே பார்த்தால், பெரும எண்ணுக்கும் சிறும எண்ணுக்கும் இடையேயுள்ள சுமார் 0.07 வேறுபாடு உயர் வரிசைக் குறுக்கீட்டு நிறங்களைத் தரும். ஒளியியலில் இது ஈரச்சுக் கனிமம் (ஒளி இரண்டாகப் பிரியாமல் செல்லும் திசைகள் இரண்டு உள்ளது), எதிர்க்குறி கொண்டது. ஒளிவிலகல் எண்கள் இவ்வளவு உயர்ந்திருப்பதற்கும் ஈயத்தின் எலக்ட்ரான் மேகமே காரணம். ஈயம் சேர்த்த படிகக் கண்ணாடிக் குவளைகள் மின்னுவதும் இதனால்தான்.

ஏழாம் படி: வேதிப் பகுப்பாய்வும் அதன் பொறிகளும்

கோட்பாட்டுப்படி மார்கரோசனைட்டில் ஓர் ஈயத்துக்கு இரண்டு கால்சியம், மூன்று சிலிக்கான், ஒன்பது ஆக்சிஜன். எடை விழுக்காடாகச் சொன்னால் ஈய ஆக்சைடு 43.3, கால்சியம் ஆக்சைடு 21.8, சிலிக்கா 35.0. பகுப்பாய்வு அறிக்கை எப்போதும் இப்படி ஆக்சைடு விழுக்காடாகவே வரும் என்பதால், அதிலிருந்து வாய்பாட்டுக்குத் திரும்பும் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஒவ்வோர் ஆக்சைடின் விழுக்காட்டையும் அதன் மூலக்கூறு நிறையால் வகுங்கள். 43.3-ஐ 223.2-ஆல் வகுத்தால் 0.194, 21.8-ஐ 56.08-ஆல் வகுத்தால் 0.389, 35.0-ஐ 60.08-ஆல் வகுத்தால் 0.583. முதல் இரண்டிலும் ஒவ்வோர் ஆக்சிஜன், சிலிக்காவில் இரண்டு. எனவே ஆக்சிஜன்களின் கூட்டுத்தொகை சுமார் 1.748. வாய்பாட்டில் ஒன்பது ஆக்சிஜன் வேண்டும், 9-ஐ 1.748-ஆல் வகுத்தால் 5.15. இந்தக் காரணியால் எல்லாவற்றையும் பெருக்கினால் ஈயம் 1.00, கால்சியம் 2.00, சிலிக்கான் 3.00. உங்கள் அறிக்கையில் மாங்கனீசு சிறிது இருந்தால் அதைக் கால்சியத்தோடும், பேரியம் இருந்தால் ஈயத்தோடும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகைகள் 2-க்கும் 1-க்கும் அருகில் வர வேண்டும். பழைய நூல்களில் வாய்பாட்டிலேயே மாங்கனீசைக் கால்சியத்தோடு சேர்த்து எழுதியிருப்பதற்கு இதுதான் அடிப்படை.

பொறி எங்கே என்றால், எலக்ட்ரான் நுண்ணோக்கியோடு இணைந்த ஆற்றல் பிரிப்புப் பகுப்பாய்வில் உள்ளது. ஈயத்தின் எம் வரிசை எக்ஸ்-கதிர் 2.35 கிலோ எலக்ட்ரான் வோல்ட் அளவிலும், கந்தகத்தின் கே வரிசைக் கதிர் 2.31 அளவிலும் விழுகின்றன. சாதாரணக் கருவியின் பிரிதிறனுக்கு இரண்டும் ஒரே மேடாகத் தெரியும். மென்பொருள் தானாகவே ஒட்டும் பெயர்ச்சீட்டை நம்பினால் ஈயம் கந்தகமாகிவிடும். இல்லாத இடத்தில் கந்தகம் முளைத்துவிடும். இது வெறும் கணினிக் குறை என்று ஒதுக்கிவிட முடியாதபடி ரோப்ளிங்கைட் குறுக்கே நிற்கிறது. அதில் ஈயமும் உண்டு, சல்ஃபேட்டாகக் கந்தகமும் உண்டு, அது மார்கரோசனைட்டின் பக்கத்திலேயே கிடைப்பதும் உண்டு. எனவே ஈயத்தை 10.55 அளவில் உள்ள எல் வரிசைக் கதிரைக் கொண்டு உறுதிசெய்து, கந்தகத்தை அலைநீளப் பிரிப்பு முறையில் தனியே அளக்க வேண்டும்.

பழைய ஊதுகுழல் சோதனையையும் நினைவுகூரலாம். சோடியம் கார்பனேட்டோடு கலந்து கரிக்கட்டியின் குழியில் வைத்து ஊதினால், அடித்தால் தட்டையாகும் ஈய மணியும் அதைச் சுற்றி மஞ்சள் படிவும் உண்டாகும். ஈயம் உண்டு என்பதற்கு அழகான சான்றுதான். ஆனால் ஈயப் புகை வரும் வேலை என்பதால் புகைபோக்கி உள்ள ஆய்வகத்துக்கு வெளியே யாரும் இதைச் செய்யக் கூடாது.

எட்டாம் படி: எக்ஸ்-கதிர் விளிம்பு விலகல்

எக்ஸ்-கதிர் படிகத்தில் பட்டுச் சிதறும் விதத்தைக் கொண்டு அணுக்களின் அமைப்பை அறியும் படி இது. படிக அமைப்பு முச்சரிவு. அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச் சிறிய கட்டத்தின்) மூன்று விளிம்புகள் சுமார் 6.77, 9.58, 6.72 ஆங்ஸ்ட்ராம், மூன்று கோணங்கள் சுமார் 110.4, 103.0, 83.0 பாகை. ஒரு கோணமும் செங்கோணமாக இல்லை. இக்கட்டமைப்பை 1969-இல் ஃப்ரீடும் பீக்கரும் தீர்த்துத் தந்தார்கள்.

இந்த எண்களைக் கொண்டு மூன்றாம் படியின் விடையைச் சரிபார்க்கலாம். அலகுக்கூட்டின் கனஅளவு சுமார் 397 கன ஆங்ஸ்ட்ராம். அதற்குள் இரண்டு வாய்பாட்டு அலகுகள். ஓர் அலகின் நிறை 515.6. இரண்டால் பெருக்கி, அணு நிறை அலகை கிராமாக மாற்றும் 1.6605 என்ற எண்ணால் பெருக்கி, 397-ஆல் வகுத்தால் 4.31. நூலில் கட்டி நீரில் தொங்கவிட்டு அளந்த 4.30-ம், அணுக்களின் இடைவெளியிலிருந்து கணித்த 4.31-ம் ஒன்றையொன்று தொடுகின்றன. இந்தப் பொருத்தம் வராவிட்டால் மாதிரியில் கலப்போ, வாய்பாட்டில் பிழையோ இருக்கிறது.

தூள் முறையில் ஒரு சின்னத் தொல்லை உண்டு. துகள்கள் தகடாக இருப்பதால் பிடிப்பானில் சீட்டுக்கட்டு போலப் படுத்துக்கொள்ளும். பிளவுத் தளத்தின் கோடுகள் மட்டும் மிகை வலிமையோடு வரும். தூளைப் பக்கவாட்டிலிருந்து நிரப்பினாலோ நுண்குழாயில் அடைத்துச் சுழற்றினாலோ இது குறையும்.

ஒன்பதாம் படி: வகைப்படுத்தல்

ஈயம் இருக்கிறது என்பதால் இதை ஈயக் கனிமங்களின் பிரிவில் தேடுவது தொடக்கநிலையினர் செய்யும் பிழை. கனிம வகைப்பாடு எதிர்மின் தொகுதியை வைத்து நடக்கிறது. சிலிக்கேட்டுகளுக்குள்ளோ சிலிக்கான் நான்முகிகள் (ஒரு சிலிக்கானை நான்கு ஆக்சிஜன்கள் சூழ்ந்த அலகுகள்) ஒன்றோடொன்று எப்படிக் கைகோக்கின்றன என்பதை வைத்து நடக்கிறது. தனித்தனியே நின்றால் ஒரு சிலிக்கானுக்கு நான்கு ஆக்சிஜன். இரட்டையாக நின்றால் இரண்டுக்கு ஏழு. வளையமாகவோ ஒற்றைச் சங்கிலியாகவோ நின்றால் ஒன்றுக்கு மூன்று. இரட்டைச் சங்கிலியில் நான்குக்குப் பதினொன்று. தகட்டில் இரண்டுக்கு ஐந்து. முப்பரிமாண வலையில் ஒன்றுக்கு இரண்டு.

மார்கரோசனைட்டில் மூன்றுக்கு ஒன்பது, அதாவது ஒன்றுக்கு மூன்று. இந்த விகிதம் வளையத்துக்கும் பொருந்தும், சங்கிலிக்கும் பொருந்தும். எனவே எவ்வளவு நுட்பமான வேதிப் பகுப்பாய்வும் இந்த வினாவுக்கு விடை சொல்லாது. மெக்சிகோவின் அலமோஸ் நகரின் பெயரைத் தாங்கிய அலமோசைட்டிலும் ஓர் ஈயத்துக்கு ஒரு சிலிக்கான், மூன்று ஆக்சிஜன். அது சங்கிலி சிலிக்கேட். இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுமானால் கால்சியம் சிலிக்கேட்டைப் பாருங்கள். ராஜஸ்தானில் வெட்டியெடுக்கப்படும் வோலாஸ்டனைட் சங்கிலி. அதே வேதியியல் கொண்ட, வைரத்துக்குள் சிறைப்பட்டுப் பூமியின் ஆழத்திலிருந்து வரும் பிரேயைட் வளையம். பொருள் ஒன்று, அழுத்தம் வேறு, வகுப்பு வேறு. எட்டாம் படியைத் தவிர்த்துவிட்டு ஒன்பதாம் படிக்கு வர முடியாது என்பதற்குக் காரணம் இதுவே.

கட்டமைப்புத் தரும் விடை: மூன்று நான்முகிகள், ஒவ்வொன்றும் அண்டையிலுள்ள இரண்டோடும் தலா ஓர் ஆக்சிஜனைப் பகிர்ந்து மூடிய முக்கோண வளையமாகின்றன. பகிரப்பட்ட ஆக்சிஜன் மூன்று, பகிரப்படாதவை ஆறு, ஆக ஒன்பது. இந்த வளையங்கள் அடுக்குகளாக அமைய, இடையில் கால்சியம் இரண்டு வேறுபட்ட இடங்களிலும் ஈயம் மூன்றாவது இடத்திலும் அமர்கின்றன. மரகதமும் வளைய சிலிக்கேட்தான். ஆனால் அதில் ஆறு நான்முகிகள்.

கனிமங்களை வேதியியலையும் கட்டமைப்பையும் வைத்துப் பிரிக்கும் ஸ்ட்ரன்ஸ் வகைப்பாட்டில் ஒன்பதாம் வகுப்பு சிலிக்கேட்டுகளுக்கு உரியது. அதற்குள் மூன்றாம் பிரிவு வளைய சிலிக்கேட்டுகள். அதற்குள் முதல் உட்பிரிவு, வேறு எதிர்மின் தொகுதி எதுவும் சேராத மூன்று உறுப்பு ஒற்றை வளையங்கள். மார்கரோசனைட்டின் இடம் அங்கே. கலிபோர்னியாவின் நீல நிற ரத்தினமான பெனிட்டோயைட்டும் அதே உட்பிரிவில் இருக்கிறது. ரோப்ளிங்கைட்டிலும் இதே மூன்று உறுப்பு வளையம் உண்டு. சல்ஃபேட் கூடுதலாக இருப்பதால் அது அடுத்த உட்பிரிவுக்குத் தள்ளப்படுகிறது. 1897-இல் பென்ஃபீல்டும் ஃபூட்டும் ரோப்ளிங்கைட்டை விவரித்தபோது அந்தக் கந்தகத்தைச் சல்ஃபைட் என்றே கருதினார்கள். பிற்கால ஆய்வுகளே அதைச் சல்ஃபேட் என்று திருத்தின.

உட்பிரிவுக்குள் நெருங்கிய உறவினர்கள் இருவர். பேரியம் ஈயத்தின் இடத்தில் அமர்ந்தால் வால்ஸ்ட்ரோமைட். கால்சியமே அமர்ந்தால் பிரேயைட். மூன்றுக்கும் கட்டமைப்பு ஒன்றே. ஈய அயனியின் ஆரம் கால்சியத்தைவிடப் பெரிது, பேரியத்தைவிடச் சிறிது. மூவரும் ஒரே இருக்கையில் அமர முடிவது அதனால்தான். பேரியமும் ஈயமும் கலந்த மாதிரி வந்தால் அந்த இருக்கையில் எது அதிகமோ அதன் பெயரையே சூட்ட வேண்டும். ஏழாம் படிக் கணக்கில் ஈயம் 0.55, பேரியம் 0.45 என்று வந்தால் பேரியம் மிகுந்த மார்கரோசனைட். எண்கள் இடம் மாறினால் ஈயம் கலந்த வால்ஸ்ட்ரோமைட்.

விகிதக் கணக்கை மற்ற ஈய சிலிக்கேட்டுகளுக்குப் பயன்படுத்தும்போது இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. மெலனோடெகைட்டில் இரண்டு ஈயம், இரண்டு இரும்பு, இரண்டு சிலிக்கான், ஒன்பது ஆக்சிஜன். கண்ணை மூடிக்கொண்டு வகுத்தால் ஒரு சிலிக்கானுக்கு நாலரை ஆக்சிஜன் என்று, எந்த வகுப்பிலும் இல்லாத விடை வரும். அந்த ஒன்பதில் இரண்டு ஆக்சிஜன் சிலிக்கானோடு பிணையவே இல்லை. அவற்றைக் கழித்தால் இரண்டுக்கு ஏழு, அதாவது இரட்டை நான்முகி. பாரிசிலைட்டும் நாசனைட்டும் இதே இரட்டை நான்முகி வகை. கனோமலைட்டில் இரட்டையும் தனித்ததும் கலந்து நிற்கின்றன. லார்சனைட் தனித்த நான்முகி. மாலிப்டோஃபில்லைட் தகடு வகை; பெயரைப் பார்த்து மாலிப்டினத்தைத் தேட வேண்டாம், கிரேக்கத்தில் அச்சொல்லின் முற்பகுதி ஈயத்தையே குறிக்கிறது.

பத்தாம் படி: சீட்டு எழுதுதல்

கனிமத்தின் பெயர், ஊர், சுரங்கம், கிடைத்த ஆண்டு அல்லது யாரிடமிருந்து வந்தது என்பது, அளந்த அடர்த்தி, ஒளிர்வின் நிறமும் விளக்கின் அலைநீளமும், எந்த முறையால் உறுதிசெய்யப்பட்டது என்பது ஆகியவற்றை ஒரே சீட்டில் மறையாத மையில் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். கண்ணால் மட்டும் பார்த்துப் பெயரிட்டிருந்தால் அதையும் அப்படியே எழுதிவிட வேண்டும். எக்ஸ்-கதிர்ச் சோதனை நடக்காத மாதிரிக்குப் பெயருக்குப் பின்னால் ஒரு வினாக்குறி இடுவதில் இழுக்கு ஒன்றுமில்லை. செதில்கள் எளிதில் பெயரும் என்பதால் மாதிரியைப் பஞ்சில் நேரடியாக வைக்காமல் நுரைத் துண்டில் பள்ளம் வெட்டி, பிளவுத் தளம் மேலே பார்க்கும்படி படுக்கவைத்து, பெட்டியின் மூடியில் ஈயம் உள்ளது என்று எழுதி ஒட்டி மூடுங்கள்.